ஊரு என்றால் போய்வருகிறேன்

கிளென்ஃபீல்டில் எங்கள் தெருமுனையில் ஒரு டெய்ரி இருக்கிறது. டெய்ரி என்றதும் பால்பண்ணை என்று நினைக்க வேண்டாம், நம்மூர்ப் பெட்டிக்கடையின் பெரிய தம்பி. வந்த புதிதில் ஒரு காலை அங்கே பாண் வாங்க நின்றபோது, முன்னால் நின்ற கிழவர் பால் போத்தலைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "ஊரு, மேட்" என்றார். எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. "சாவகச்சேரி" என்றேன். அவர் ஒரு கணம் விழித்துவிட்டு, "குட் ஆன் யூ" என்று தோளில் தட்டிப் போனார். பக்கத்து நாடான ஆஸ்திரேலியாவில் வளர்ந்த பழைய ஆட்கள் 'போய்வருகிறேன்' என்பதற்கு 'ஹூரூ' என்பார்கள், அதில் முதலெழுத்தைப் பாதி விழுங்கிவிடுவார்கள் என்று கடைக்காரர்தான் பிறகு விளக்கினார். கிழவரின் பெயர் டெஸ். என் பக்கத்து வீட்டுக்காரர்.

டயர் கடை வேலை முடிந்து வந்து நான் கிற்றார் வாசிப்பது வேலிக்கு மேலால் அவருக்குக் கேட்டிருக்கிறது. தன்னுடைய நாட்டுப்புற இசைக் கழகத்துக்கு அவரே கூட்டிப்போனார். நான் பாலாஜியையும் அவன் மனைவி சுதாவையும் சேர்த்துக்கொண்டேன். இருவரும் தமிழ்நாட்டுக்காரர்கள், பிளாட் புஷ்ஷில் வீடு, கணினி வேலை. அவனுக்கு வயலின், அவளுக்கு மாண்டலின். அங்கேதான் புளூகிராஸ் எங்களைப் பிடித்துக்கொண்டது. அமெரிக்க மலைநாட்டுச் சனங்களின் இசை அது. மின்சாரம் ஏற்றாத வாத்தியங்கள், எல்லோருக்கும் சேர்த்து ஒரே மைக், பிழைப்புத் தேடி மலையை விட்டுப் போனவன் தாயை நினைத்துப் பாடும் பாட்டுகள். சாவகச்சேரியில் மருந்துக்கும் மலை கிடையாது. ஆனாலும் கேட்டவுடனே, இவர்கள் எங்களைப் பற்றியல்லவா பாடுகிறார்கள் என்று தோன்றியது. சப்பணமிட்டே வாசித்துப் பழகிய பாலாஜி, நின்று வாசிக்கப் பழகுவதற்குள் பட்ட பாடு வேறு கதை.

நாங்களே ஆங்கிலத்தில் ஒரு பாட்டுக் கட்டினோம். அதை முதன்முதலாகப் பாடிய வாரம்தான் ஊரில் அம்மா பாரிசவாதத்தில் விழுந்தா. கழகத்து மேடையில் பல்லவிக்கு வந்தேன், ஆங்கில வரி தலையை விட்டுப் போய்விட்டது. வாயில் வந்தது ஒரே சொல். 'ஊரு' என்று இழுத்தேன். மூச்சு முடியும்வரை இழுத்தேன். முன்வரிசையில் டெஸ் எழுந்து, கையை உயர்த்தி ஆட்டி, "ஊரு" என்று திருப்பிக் கத்தினார். மண்டபம் முழுவதும் எழுந்து கையசைத்தது.

அந்தப் பாட்டுத்தான் எங்களைத் தூக்கிவிட்டது. வானொலியில் வந்தது, வெளியூர்களில் கூப்பிட்டார்கள், கடைசியில் அந்த அமெரிக்க மலைநாட்டு டென்னசியிலிருந்தே அழைப்பு வந்தது. அது விடைபெறும் சொல் என்று கேள்விப்பட்டு, போன இடமெல்லாம் சனம் கையசைத்து எனக்கு விடைகொடுத்தது. ஒருநாள் மேடையிலேயே, அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு, அது பிறந்த இடத்தைக் குறிப்பது என்று சொல்லிப் பார்த்தேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்து இன்னும் பலமாகக் கையசைத்தார்கள்.

"விடுங்கண்ணா" என்றான் பாலாஜி. "அந்தக் கையசைப்புதான் பாட்டையே தூக்கி நிறுத்துது. புரிய வெச்சீங்கன்னா நிறுத்திடுவாங்க."

அவனுக்கென்ன, நினைத்தால் ஊருக்கு டிக்கெட் போடுவான். என்னைப்போல் அகதியாக வந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்குச் சொல்கிறேன். என்னிடம் இருப்பது கடவுச்சீட்டல்ல, பயணப் பத்திரம். இலங்கை தவிர எல்லா நாடுகளுக்கும் அது செல்லும். டென்னசிக்குப் போகலாம், சாவகச்சேரிக்குப் போகமுடியாது. தொலைபேசியில் அம்மா, "எப்ப வாறாய் தம்பி?" என்பா. "வாறன் அம்மா" என்பேன். வேறு என்ன சொல்ல?

போன கோடையில் வெஸ்ட்கேட்டுக்கு அப்பால் ஒரு திராட்சைத் தோட்டத்தில் பெரிய இசை விழா. பின்னேரம் எங்கள் முறை. மேடையேறுகிற நேரம் தங்கை வாணி ஊரிலிருந்து வீடியோவில் அழைத்தாள். அங்கே அப்போதுதான் காலை.

"அண்ணா, அம்மா ரெண்டு நாளா ஒருத்தரையும் ஆரெண்டு மட்டுக்கட்டுறா இல்லை. உங்கட பாட்டெண்டா கேக்கிறாவோ பாப்பம். போனை நிப்பாட்டாதேங்கோ."

மேடைக்குக் கீழே நின்ற டெஸ்ஸிடம் போனைக் கொடுத்தேன். என் அம்மா, சுகமில்லை என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, போனை இரண்டு கையாலும் வாங்கினார்.

பாடினேன். பல்லவி வந்தது. 'ஊரு' என்றதும் புல்வெளி முழுவதும் கைகள் எழுந்தன. அம்மாவும் பார்க்கட்டும் என்று டெஸ் போனைச் சனத்தின் பக்கம் திருப்பினார். பிறகு தன் பக்கம் திருப்பி, அவரும் ஒரு கையை ஆட்டி, "ஊரு" என்றார். நான் மேடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டின் நடுவில் என்ன செய்ய முடியும்?

இறங்கி ஓடிப்போய்ப் போனை வாங்கினேன். அம்மா கண் திறந்திருந்தா. சொல் குழறியது, ஆனால் விளங்கியது.

"தம்பி, ஊருக்கெண்டு பாடினாய். சனமெல்லாம் கை காட்டி அனுப்புது. வெளிக்கிட்டிட்டியே?"

"ஓம் அம்மா. வெளிக்கிட்டிட்டன்."

அம்மா சிரித்தா. ஒரு பக்க வாய் மட்டும் சிரித்தது. வாணி போனை வாங்கினாள், அவள் அழுதுகொண்டிருந்தாள். "வாசல் படலையைத் திறந்து வைக்கட்டாம், அண்ணா. நான் என்ன செய்ய?"

"திறந்து வை" என்றேன்.

பின்னால் சனம் அதே பாட்டை இன்னொருமுறை பாடச்சொல்லிக் கை தட்டியது. பாலாஜி மேடையிலிருந்து கூப்பிட்டான். சாவகச்சேரியில் எனக்காகப் படலை திறந்து கிடக்க, நான் மறுபடியும் மைக்கின் முன்னால் போய் நின்றேன். பல்லவி வரும் முன்பே எல்லோரும் கையை உயர்த்திவிட்டார்கள்.