ஏழாவது ஆள்

இந்த நாட்டில் வீடு உங்களுடையதாக இருந்தாலும் அதில் எத்தனை பேர் படுக்கலாம் என்று நீங்கள் சொல்ல முடியாது. இல்ஃபோர்டில் நாங்கள் வீடு வாங்கி, அறைகளை வாடகைக்கு விடத் தொடங்கியபோது, கவுன்சிலிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் அளவு நாடாவோடு வந்தார். சட்டைக்கு அளவெடுக்கிற தையல்காரர் மாதிரி முழங்காலில் நின்று அறை அறையாக அளந்தார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் கலியாணத்துக்கு வந்த சனமெல்லாம் ஒரே கூடத்தில் பாயோடு பாய் ஒட்டிப் படுத்தது. அதை யார் அளந்தது? சமைக்கிற குசினிக்கு, நெருப்புப் பரவாமல் தானாகச் சாத்திக்கொள்கிற கதவு ஒன்றும் போடவேண்டும் என்றார். புட்டுப்பானையோடு வருகிற என் முதுகில் அது நாளுக்கு ஒரு அடி வைக்கும். அதை விடுங்கள். கடைசியில் ஒரு கடதாசி வந்தது. இந்த வீட்டில் ஏழு பேர் இருக்கலாம். எனக்கு எழுத்துத் தெரியாது, இதையும் நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள். ஆனால் ஏழு என்ற இலக்கம் தெரியும். அந்தக் கடதாசிக்குச் சட்டம் போட்டுக் குசினிச் சுவரில் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

எண்பதுகளில் வந்த புதிதில் நாங்களும் அறை தேடி அலைந்தவர்கள்தான். அறை வாடகைக்கு என்று கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த மட்டையைப் பார்த்துவிட்டு ஒரு வீட்டு மணியை அடித்தோம். ஒரு வெள்ளைக்காரக் கிழவி கதவைத் திறந்தாள். முகத்தைப் பார்த்தாள், ஏதோ சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. உள்ளே வரச் சொல்கிறாளாக்கும் என்று செருப்பைக்கூடக் கழற்றிவிட்டேன். கதவைச் சாத்தினாள்.

"அறையை ஆருக்கோ குடுத்தாச்சாம்," என்றார் என் வீட்டுக்காரர்.

அடுத்த நாள் அதே வழியாகப் போனபோது மட்டை அப்படியே இருந்தது.

"என்னப்பா, பொய் சொல்லிப்போட்டாளே!"

"எங்கட நிறத்துக்கு அறை இல்லையெண்டு சொல்லக்கூடாதெண்டு இஞ்ச சட்டம் இருக்கு. அதாலதான் அப்பிடிச் சொல்லுறாள்."

பஸ்ஸில் வழி முழுக்க அவளைத் திட்டிக்கொண்டு வந்தேன்.

இனி என் கதை. அப்போது வீட்டில் நாங்கள் மூன்று பேர், அவரும் நானும் மகனும். மாடியில் வேலைக்குப் போகிற பெண்பிள்ளைகள் மூன்று பேர். முன் அறை வெறுமையாக இருந்தது. மகன் எழுதிய மட்டையைத் தமிழ்க்கடைக் கண்ணாடியில் ஒட்டினோம். ஒரு பகல் வசந்தி என்று ஒரு பிள்ளை வந்தாள். கூந்தலெல்லாம் மழை.

"வா பிள்ளை, உள்ளுக்கு வா. முதல்ல தேத்தண்ணியக் குடி. உந்தக் கதவு முதுகில அடிக்கும், கவனம்!"

அவள் சிரித்தாள். சிநேகிதி வீட்டில் நிலத்தில் படுக்கிறாளாம். வெள்ளிக்கிழமைக்குள் வெளிக்கிடச் சொல்லிவிட்டார்களாம்.

"நீ ஒண்டுக்கும் யோசியாதை. இப்ப ஆறு பேர் இருக்கிறம். ஏழுக்குக் கவுன்சில் விட்டிருக்கு. நல்ல வெளிச்சமான அறை. நீ எந்த ஊர் பிள்ளை?"

சொன்னாள். எங்கள் பக்கத்து ஊர். எனக்குத் துள்ளாத குறை.

"அட, எங்கட ஆள்! அங்க எந்தப் பக்கம்? ஆருடைய மகள்?"

எங்கள் சனம் சாதியை நேரே கேட்பதில்லை. இப்படித்தான் சுற்றி வந்து பிடிப்போம். அவள் தலையைக் குனியாமல் இடத்தைச் சொன்னாள், தகப்பன் பெயரையும் சொன்னாள். எனக்குத் தெரிந்துவிட்டது. என் குசினியில், என் பானை சட்டியில் அவள் சமைப்பதை நினைத்தேன். கை தானாகச் சுவரைக் காட்டியது.

"ஐயோ பிள்ளை, மறந்துபோனன். கவுன்சில்காரர் விடமாட்டினம். கணக்கு முடிஞ்சுது."

அவள் எழுந்து போய் அந்தக் கடதாசியை நிதானமாக வாசித்தாள்.

"இதில ஏழு எண்டுதான் இருக்கம்மா."

அவள் மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்துவைத்தாள். "வாறன் அம்மா," என்று போனாள். குசினிக் கதவு அவளுக்குப் பின்னால் மெல்லச் சாத்திக்கொண்டது.

முன் அறைக்கு நெடுநாள் யாரும் வரவில்லை. மட்டையும் கடைக் கண்ணாடியிலேயே கிடந்தது. மரக்கறி வாங்க வசந்தியும் அந்தக் கடைக்குத்தானே வரவேண்டும்? அதைக் கழற்றச் சொல்லிக்கூட எனக்கு வாய் வரவில்லை. அடுத்த தரம் கவுன்சில்காரர் வந்து கட்டில்களை எண்ணினார். வெறும் அறையைக் காட்டி என்னவோ கேட்டார். குற்றம் பிடிக்கிறார் என்று பயந்து, ஆள் நிறைந்துவிட்டது என்று இங்கிலீசில் "ஃபுல், ஃபுல்" என்றேன். அவர் சிரித்துவிட்டு மகனிடம் பேசினார்.

"இன்னும் ஒரு ஆள் இருக்கலாமாம் அம்மா. மற்ற ஆக்கள் எல்லாம் கணக்குக்கு மிஞ்சி ஆள் போடுகினமாம். நீங்கள் நல்ல வீட்டுக்காரியாம்."

அன்று அவருக்குத் தேத்தண்ணி போட்டேன். அந்தக் கிழவியை பஸ்ஸில் திட்டியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

சில வருடம் கழித்து வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் அன்னதான வரிசையில் நின்றேன். சோறு போட்டது வசந்தி. கொஞ்சம் உடம்பு வைத்திருந்தாள். அகப்பையைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"அம்மா எந்த ஊர்?"

யாரும் கேட்க முன்னமே ஊர், குறிச்சி, கிணற்றடி வரைக்கும் சொல்கிற வாய் இது.

"இல்ஃபோர்ட்," என்றேன்.

"அது எனக்குத் தெரியும் அம்மா," என்றாள். தட்டு நிறையச் சோறு போட்டாள்.

பின்னால் நின்றவர்களுக்கு வழிவிட்டு நகர்ந்தேன். என் ஊரின் பெயர் வாய்க்குள்ளேயே கிடந்தது.