கொளஞ்சியம்மாள் வைத்த ஒப்பாரி

ஊரின் பெயர் வேண்டாம். சொன்னால் இரண்டு கட்சிக்காரர்களும் நாளைக்கே சண்டைக்கு வந்து நிற்பார்கள். மரக்காணத்தைத் தாண்டி, ஈ.சி.ஆர். ரோட்டிலிருந்து உப்பளத்துக்கு இறங்கும் மண்பாதையில் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுனாமி வந்துபோனதற்கு அடுத்த கோடை. அந்த ஊரின் கடைசித் தெருவில்தான் கொளஞ்சியம்மாள் இருந்தாள்.

பகலெல்லாம் உப்பளத்தில் உப்பு வாருவாள். சாவு விழுந்தால் ஒப்பாரி வைப்பாள். கூந்தலை அவிழ்த்துவிட்டு அவள் வாயைத் திறந்தால், செத்தவனோடு வருஷக்கணக்கில் பேசாமல் இருந்த பங்காளிகூட மூக்கைச் சிந்துவான். அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். முதலில் முகத்தைப் பார்க்க வேண்டும். முகத்தைப் பார்க்காமல் அவளுக்குப் பாட்டு வராது. புருஷன் போன பிறகு ஒற்றைப் பெண்ணை வளர்த்து, படிக்க வைத்து, கிளியனூரில் நல்ல இடமாகப் பார்த்துக் கட்டிக்கொடுத்தவள். வாய் இல்லாமல் அதெல்லாம் நடக்குமா?

அந்தப் பெண் விஜயலட்சுமி தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் வந்த நேரம் பார்த்து ஊரில் தண்ணீர் நின்றது.

நின்றதற்குக் கடவுளைக் குறை சொல்ல முடியாது. டேங்குக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துபோனது, அவ்வளவுதான். மோட்டார் என்றால் எரியும். அதைக் கழற்றி ஊராட்சி ஆபீசுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். புது மோட்டார் வாங்கலாம் என்றார் தலைவர் சடையப்பன். மச்சான் கடையில்தான் வாங்க வேண்டும் என்பதை மட்டும் மெதுவாகச் சொன்னார். மோட்டாரின் எரிந்த காயிலை மாற்றிக் கட்டினாலே போதும், புதுசுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் துணைத்தலைவர் பாவாடை. ஊராட்சிச் செக்கில் இருவர் கையெழுத்தும் இருந்தால்தான் செல்லும். ஊராட்சித் தேர்தலில் கட்சி கிடையாது என்று சட்டம் சொல்கிறது. சட்டத்துக்கென்ன, சொல்லிவிட்டுப் போகும். சடையப்பன் ஒரு கட்சி, பாவாடை அதற்கு நேர் எதிர்க்கட்சி. வேட்டிக் கரையைப் பார்த்தாலே தெரியும்.

பாவாடையின் ஆட்கள் ஊழலைக் கண்டித்து ஆபீசுக்குப் பூட்டுப் போடும் போராட்டம் நடத்தினார்கள். சடையப்பன் ஆட்கள் சும்மா இருப்பார்களா? "உள்ள இருக்கிற ஃபைல இவனுங்க திருடிட்டா?" என்று அதே கதவில் இன்னொரு பூட்டைத் தொங்கவிட்டார்கள். மோட்டார் உள்ளே, செக் புத்தகம் உள்ளே, கிளார்க் வெளியே புளியமரத்தடியில். முதலில் எவன் பூட்டை எடுக்கிறானோ அவன்தான் தப்பு செய்தவன் என்று ஆகிவிடும் அல்லவா? அதனால் இரண்டு பேரும் எடுக்கவில்லை. சுவருக்குச் சுவர் போஸ்டர் மட்டும் முளைத்தது. ஊரைத் தாகத்தில் தள்ளிய துரோகி யார் என்று ஒரு போஸ்டர் கேட்டது. நீதான் என்று பக்கத்துப் போஸ்டர் சொன்னது. வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

சுற்றிலும் பார்த்தால் தண்ணீர்தான். உப்பளம் பூராவும் பளபளவென்று நிற்கும். அதில் ஒரு வாய் வைக்க முடியுமா? நாளெல்லாம் உப்புத் தண்ணீரில் நின்ற காலை நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் பாதம் வெடித்து எரியும். கொளஞ்சியம்மாள் அந்தக் காலோடு ரோட்டைத் தாண்டி, சாயிரா வீட்டு அடிபம்பு வரைக்கும் நடந்தாள். சாயிராவின் புருஷன் துபாயில் வேலை செய்தார். அவள் நல்ல மனசுக்காரி, யாரையும் வெறுங்குடத்தோடு அனுப்ப மாட்டாள். ஆனால் ஒரு அடிபம்பு ஊருக்கே எத்தனை நாள் தாங்கும்? கிடைத்த குடத்தை மகளுக்கு வைத்துவிட்டு, கொளஞ்சியம்மாள் காலைத் துணியால் துடைத்துக்கொண்டு படுத்தாள்.

இந்த லட்சணத்தில் சம்பந்தி சரஸ்வதி கிளியனூரிலிருந்து மருமகளைப் பார்க்க வந்தாள். குடத்தைச் சாய்த்துப் பார்த்தாள். மருமகளின் காய்ந்த உதட்டையும் பார்த்தாள்.

"சம்பந்தி, தப்பா நினைக்காதீங்க. குடிக்கத் தண்ணி இல்லாத ஊர்ல எம் பேரப்புள்ள பொறக்க வேணாம். வெள்ளிக்கிழமை கார் எடுத்துக்கினு வர்றோம், பொண்ண அனுப்பி வைங்க."

"அதுக்குள்ள தண்ணி வந்துடும் சம்பந்தி."

"வந்தா சரி. வரலன்னா கூட்டிக்கினு போயிடுவோம். உப்பளத்துல பொண்ணு எடுக்காதீங்கன்னு அப்பவே நாலு பேரு சொன்னாங்க."

அந்தக் கடைசிப் பேச்சு கொளஞ்சியம்மாளுக்குச் சுருக்கென்று தைத்தது. தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்குத் தண்ணீர் கொடுக்க வக்கில்லாமல் திருப்பி அனுப்பியவள் என்ற பேரை எந்த முகத்தோடு சுமப்பது? அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. அதைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது.

மறுநாள் பொழுது விடிந்ததும் துணைத்தலைவர் பாவாடை வாசலில் நின்றார்.

"அக்கா, இன்னிக்கு ஆபீஸ் முன்னாடி பாடை கட்டிப் போராட்டம் பண்றோம். ஊராட்சி செத்துப் போச்சுன்னு நீதான் ஒப்பாரி வைக்கணும். கொன்னது சடையப்பன்னு அழுத்தமா ரெண்டு வரி போட்டுடு."

"பாடினா பூட்டு தெறக்குமா?"

"ஜனங்க கொதிச்சா தன்னால தெறக்கும்க்கா."

நம்பிப் போனாள். பாடையில் வைக்கோல் பொம்மைக்கு வெள்ளைத்துணி போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். பார்க்க முகம் இல்லை. மகளின் காய்ந்த உதட்டை நினைத்துக்கொண்டு பாடினாள். பெண்கள் எல்லாம் விசும்பினார்கள். பேப்பர்காரர் படம் எடுத்தார். பாவாடைக்கு மாலை விழுந்தது. பூட்டு மட்டும் அப்படியே தொங்கியது. தொண்டை வறண்டு வீட்டுக்கு வந்தவள், குடத்தில் இருந்ததைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் சடையப்பன் வந்தார். கொளஞ்சியம்மாள் வேலை செய்தது அவருடைய உப்பளத்தில்தான்.

"ஏம்மா கொளஞ்சி, அவனுக்குப் பாடின. சரி, போவுது. நாளைக்கு நம்ம கட்சி போராட்டம். மைக் செட்டெல்லாம் சொல்லியாச்சு. கொன்னது பாவாடைன்னு பாடிடு."

"ஒரு பொணத்துக்கு ரெண்டு எழவா தலைவரே?"

"எத்தினி எழவா இருந்தா உனக்கென்ன? பாடு."

"தண்ணி எப்ப வரும்?"

"அவன் பூட்ட அவன் மொதல்ல எடுக்கட்டும், அப்புறம் பாக்கலாம்."

கொளஞ்சியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சரிங்க, பாடுறேன். பாவாடையயும் வந்து கேக்கச் சொல்லுங்க. ஊரே இருக்கணும்" என்றாள். எதிரியை நேரில் உட்கார வைத்துத் திட்டுவது என்றால் சும்மாவா? சடையப்பன் சிரித்துக்கொண்டே போனார்.

மறுநாள் ஆபீஸ் முன்னால் திருவிழாக் கூட்டம். ஒரு பக்கம் சடையப்பன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே டீக்கடை பெஞ்சில் பாவாடை தன் ஆட்களோடு இருந்தார். நடுவில் அதே பாடை, அதே வெள்ளைத்துணி. கொளஞ்சியம்மாள் மைக்கை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"பொணம் எங்க? முகத்தக் காட்டு."

"அதான் படுத்திருக்குதே" என்றான் சடையப்பன் ஆள் ஒருவன்.

அவள் துணியை உருவி எறிந்தாள். "இது வைக்கோலு. வைக்கோலப் பாத்து ஏங்க நான் என்ன மாடா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"நேத்து முகம் பாக்காம பாடிட்டேன், அதான் பலிக்கல. இன்னிக்கு முகம் பாத்துதான் பாடுவேன்."

நேராகப் போய்ச் சடையப்பன் நாற்காலிக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தாள். கூந்தலை அவிழ்த்தாள். அவர் முகத்தையே பார்த்து மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"கரை வேட்டி கட்டி வந்த – என்
சடையப்பா எங்க போன?
ஊருக்குத் தலைவன்னு – நாங்க
ஓட்டுப் போட்டு வச்சோமே,
சொட்டுத் தண்ணி இல்லாம – எங்கள
சுடுமணல்ல விட்டுட்டியே!"

உயிரோடு உட்கார்ந்திருப்பவனுக்கு ஒப்பாரி! எங்கேயாவது கேட்டதுண்டா? அதுவும் பெயரைச் சொல்லி, மைக்கில்! சடையப்பனுக்கு முகம் வெளுத்துப்போனது.

"ஏய், நிறுத்து! நான் உசுரோடதான் இருக்கிறேன்!"

"இருக்கீங்களா? தலைவரு உசுரோட இருந்தா ஊருக்கு ஏன் தண்ணி வரல? நீங்க போயிட்டீங்கன்னுதானே நாங்க நினைச்சோம்!"

பாவாடை தொடையைத் தட்டிச் சிரித்தார். சிரிக்காமல் இருந்திருக்கலாம். கொளஞ்சியம்மாள் உட்கார்ந்தபடியே அவர் பக்கம் திரும்பினாள்.

"கையெழுத்துப் போடும் கை – என்
பாவாடை ராசாவே,
கட்டையில வெந்திடுச்சே – எங்க
குடமெல்லாம் காஞ்சிடுச்சே!"

சிரிப்பு அங்கேயே நின்றது. "அக்கா, வேணாங்க்கா, வெளையாடாத" என்று பாவாடை எழுந்தார். போலீசைக் கூப்பிடுவேன் என்று சடையப்பன் கத்தினார்.

"கூப்பிடுங்க. வர்றவருக்கும் தாகமாத்தான் இருக்கும். ரெண்டு பூட்டும் தெறக்கிற வரைக்கும் நான் எழுந்திரிக்க மாட்டேன். இன்னும் பொண்டாட்டி அழுவுற வரி இருக்குது, புள்ளைங்க அழுவுற வரி இருக்குது, ஒண்ணொண்ணா வரும்."

பொண்டாட்டி அதற்குள் வந்தேவிட்டாள். தெருக்கோடி வரைக்கும் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் புருஷன் பேரைச் சொல்லி ஒப்பாரி கேட்டால் எவள் வீட்டுக்குள் இருப்பாள்? சடையப்பனின் மனைவி மங்கம்மா தலைவிரி கோலமாக, வயிற்றில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். புருஷன் நாற்காலியில் முழுசாக இருப்பதைப் பார்த்ததும் அவள் அழுகை கோபமாகத் திரும்பியது. கொளஞ்சியம்மாள் மேல் பாய்வாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் பாய்ந்தது புருஷன் மேல்.

"உன் கட்சியும் மண்ணும்! இன்னொரு வரி அவ வாயில வந்தா என் தாலிக்கு ஆவுமா? குடுய்யா சாவிய!" என்று அவர் இடுப்புக் கயிற்றிலிருந்த சாவியைப் பிடுங்கினாள். தன் வீட்டிலிருந்து யாராவது வருவதற்குள் பாவாடையின் கை தானாகவே சட்டைப்பைக்குப் போனது.

இருவரும் ஒரே நேரத்தில் சாவியைப் போட்டார்கள். திரும்பினால்தானே! உப்புக்காற்றில் இரண்டு பூட்டும் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. சடையப்பன் முகத்தில் லேசாக உயிர் வந்தது. "பாத்தியா, நாங்க தெறக்கத்தான் வந்தோம். தெறக்கல, நாங்க என்ன பண்றது?" என்றார். ஆமாம் ஆமாம் என்றார் பாவாடை. ஒரு மாதத்தில் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

கொளஞ்சியம்மாள் எழுந்தாள். கொடிக்கம்பம் நடுவதற்குக் கொண்டுவந்து போட்டிருந்த கடப்பாரையை எடுத்தாள். உப்பு வாரிப் பழகிய கை. இரண்டு போடு ஒன்றுக்கு, மூன்று போடு இன்னொன்றுக்கு. இரண்டும் கீழே விழுந்தன.

"யாரு மொதல்ல தெறந்தீங்கன்னு இனிமே சண்டை வேணாம். நான் தெறந்தேன். போஸ்டர்ல எம் பேரப் போட்டுக்குங்க."

கிளார்க் செக் புத்தகத்தை எடுத்துவந்தார். மேஜைக்கு எங்கே போவது? காலிப் பாடையின் மேல் வைத்துத்தான் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மோட்டார் அன்றைக்கே திண்டிவனத்துக்குக் காயில் கட்டப் போனது.

வெள்ளிக்கிழமை காலையில் தண்ணீர் வந்த குழாயடியில் சடையப்பன் போட்டோகிராபரோடு நின்றார். குடிநீர் தந்த தலைவருக்கு நன்றி என்று ஒரு போஸ்டர், போராடிப் பெற்றுத்தந்த பாவாடைக்கு நன்றி என்று ஒரு போஸ்டர், இரண்டும் ராத்திரியோடு ராத்திரியாக ஒட்டியாகிவிட்டது. கொளஞ்சியம்மாள் இருவரையும் விலக்கிக்கொண்டு தன் குடத்தை முதலில் வைத்தாள். அந்த நேரம் பார்த்துக் கிளியனூர்க் காரும் வந்து நின்றது.

சடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார். "இனிமே நம்ம உப்பளத்துப் பக்கம் வராத."

அவள் மெதுவாகப் பேசவில்லை. "சரிங்க தலைவரே, வரல. இந்தக் கைக்கு எந்த உப்பளத்துலயும் வேலை இருக்குது. ஆனா ஒண்ணு, நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆனா எனக்கு ஆள் அனுப்பாதீங்க. உங்களுக்குப் பாட வேண்டியத பாடி முடிச்சிட்டேன்."

குழாயடியே சிரித்தது. போட்டோகிராபரும் சிரித்தார்.

நிரம்பின குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். காரிலிருந்து இறங்கிய சரஸ்வதி பின்னாலேயே வந்தாள். கொளஞ்சியம்மாள் முதல் சொம்பை மகளுக்குக் கொடுத்தாள். சம்பந்தியை வாங்க என்று சொல்வதற்கு முன்னாலேயே அடுத்த சொம்பை நிறைய மொண்டு நீட்டினாள்.

"குடிங்க சம்பந்தி. எங்க ஊர்த் தண்ணி."

சரஸ்வதி அண்ணாந்து முழுதும் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, கதவோரம் நின்ற மருமகளைப் பார்த்தாள். அவள் உதடு ஈரமாக இருந்தது.

"காரத் திருப்பி அனுப்பிடறேன்" என்றாள் சரஸ்வதி. "பொறந்ததும் சொல்லி அனுப்புங்க."

கொளஞ்சியம்மாள் தலையை ஆட்டினாள். இன்னொரு சொம்பு மொண்டு, வாசலில் உட்கார்ந்து, வெடித்துக் கிடந்த தன் பாதத்தில் ஊற்றிக்கொண்டாள்.