கல்லாக விளையாடியவளின் கால்கள்

என் மகள் கோமதி மருத்துவரைப் பார்ப்பதற்கு முன், அவளுக்குத் தெரியாமல் நான் உள்ளே போய், அவளுக்கு மனம் பிசகிவிட்டது என்று சொன்னேன். அது உண்மையல்ல. அதனால் அவளுடைய சரியான சிகிச்சை ஓராண்டுக்கு மேல் தள்ளிப்போனது. வீட்டில் ஒருவர் தன் உடம்பைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்ல, அதை நம்பாமல் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் இருந்தால், அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன். மனைவி இறந்தபின், ஒரு மலையாள நகரத்தில், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிவீட்டில் நானும் கோமதியும் மட்டும் இருந்தோம். அவள் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்த்தாள். சனிக்கிழமை மாலைகளில் உடன் வேலை செய்யும் மூன்று பேர் வருவார்கள். சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஒரு விளையாட்டு நடக்கும்.

ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள். பல முகங்கள் கொண்ட பகடையை உருட்டினால், செய்தது பலித்ததா இல்லையா என்று தெரியும். மற்றவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ இருப்பார்கள். கோமதி ஒருநாளும் மனிதராக விளையாடியதில்லை. ஆந்தைத் தலையுள்ள ஒன்றாக இருந்தாள். ஏரிக்கு அடியில் வாழும் ஒன்றாக இருந்தாள். கடைசியாக, கல்லால் ஆன ஓர் உயிராக.

அந்த விளையாட்டில் பாத்திரத்தை ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். பக்கத்து அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த என் காதில் கோமதியின் குரல் விழுந்தது:

“எனக்கு முட்டுக்குக் கீழ கல்லு. பார்த்துத்தான் அடி வைக்கணும். சுடுதண்ணி ஊத்தினாலும் தெரியாது.”

“அப்போ கோட்டைப் படி எப்படிக் கேறும்?” என்றான் பினு. மலையாளிப் பையன், எங்கள் வீட்டுக்கு வந்து வந்து அரைகுறைத் தமிழ் பேசுவான்.

“நீ தூக்கிட்டுப் போ.”

“அய்யோ, கல்லைத் தூக்கினா என் நடுமுதுகு ஒடிஞ்சு போகும்.”

“ஒடியட்டும். பெரிய மந்திரவாதின்னு பீத்துனேல்ல?”

எல்லோரும் சிரித்தார்கள். இவ்வளவு படித்த பிள்ளைகள் இப்படியா என்று நினைத்தேன்.

சில வாரம் கழித்து, காலையில் இட்லி சாப்பிடும்போது சொன்னாள்: “எப்பா, காலு கல்லு மாதிரி கெடக்கு. செருப்பு கழண்டா கூடத் தெரிய மாட்டேங்கு.”

“விளையாட்டை மேசையோட விட்டுரு கோமதி.”

“விளையாட்டு இல்லப்பா. நெசமாத்தான் சொல்லுதேன்.”

விளையாட்டு அவள் தலைக்கு ஏறிவிட்டது என்று முடிவு செய்தேன். உண்மை நேர்மாறானது. கால் முதலில் மரத்தது. அதன் பிறகுதான் அவள் கல்லானாள். வீட்டில் சொல்லத் தயங்கியதை அந்த மேசையில் சொன்னாள். அங்கே யாராவது அடுத்த கேள்வியைக் கேட்டார்கள்.

அவளை ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனேன். அவர் நல்ல மனிதர். அவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பேராசிரியர், ‘பெண் தன்னைக் கல் என்று நம்புகிறாள், நானே என் காதால் கேட்டேன்’ என்று சொன்னால் அவர் வேறென்ன செய்வார்? மாத்திரைகள் கொடுத்தார். கோமதிக்கு எந்நேரமும் தூக்கம் வந்தது. நடை மோசமானது. அதை மாத்திரையின் விளைவு என்று நினைத்தோம். நினைத்தேன் என்று சொல்வதே சரி.

நண்பர்களை இனி வர வேண்டாம் என்றேன். பினு மட்டும் படியிலேயே நின்றான்.

“அங்கிளே, அவளுக்கு சத்தியமாயிட்டு படி கேற வய்யா, முடியல. ஆபீஸ்ல நாங்க கண்டிருக்கோம்.”

நான் கதவைச் சாத்தினேன். அதன் பிறகு சனிக்கிழமைகளில் வீட்டில் சுவர்க்கடிகாரம் மட்டும் கேட்டது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவாள்.

அவள் மனம் தெளிய வேண்டும் என்று பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன். அவளையும் அழைத்துப்போனேன். நான் காயை எறிந்து உடைத்தேன். சிதறிக் கிடந்த சிரட்டைச் சில்லுகளுக்கு நடுவே எல்லோரும் குதித்துக் குதித்து நடந்தார்கள். கோமதி மட்டும் நேராக நடந்து வந்தாள். வாசலில் பூக்காரப் பெண் கத்தியபோதுதான் திரும்பிப் பார்த்தேன். கோமதி வந்த வழியெல்லாம் ஒற்றைப் பாதத்தின் இரத்தத் தடம். உள்ளங்காலில் ஒரு சில்லு ஆழமாகக் குத்தி நின்றது.

“என்னப்பா, ஏன் எல்லாரும் பாக்காங்க?” என்றாள்.

அவசரப் பிரிவில் இருந்த இளம் பெண் மருத்துவர், மரப்பு ஊசி போடுவதற்கு முன் காலைத் துடைத்துக்கொண்டே சில்லைத் தொட்டுப் பார்த்தார். கோமதி முகம் சுளிக்கவில்லை. “வலிக்குன்னில்லே?” என்று கேட்டார். இல்லை என்றாள். அவர் காயத்தை விட்டுவிட்டு, ஒரு குண்டூசியை எடுத்துப் பாதத்திலிருந்து மேலே மேலே குத்திக்கொண்டு வந்தார். தொப்புளுக்குச் சற்று மேலே வந்தபோதுதான் அவள் “ஆ” என்றாள்.

“எத்தன நாளா இப்படி?”

“ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும். அப்பாகிட்ட சொன்னேன்.”

மருத்துவர் என்னைப் பார்த்தார்.

எம்.ஆர்.ஐ. (காந்தப்புலத்தால் உடலின் உள்ளே படமெடுக்கும் சோதனை) எடுத்தார்கள். முதுகின் நடுப்பகுதியில் ஸ்வானோமா (நரம்பு உறையிலிருந்து மெல்ல வளரும், புற்றுநோய் அல்லாத கட்டி) தண்டுவடத்தை நெரித்துக்கொண்டிருந்தது. அறுவை மருத்துவர் நிதானமாகப் பேசினார்: “கட்டியை எடுத்துரலாம் சாரே. ஆனா நரம்பு ரொம்பக் காலமா நசுங்கிக் கெடந்திருக்கு. கொறச்சு முன்னாடியே கொண்டு வந்திருந்தா...”

கட்டி முழுதாக வந்துவிட்டது. வலது கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. இடது காலில் ஃபுட் டிராப் (பாதத்தின் முன்பகுதியை மேலே தூக்க முடியாமை) நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

வார்டில் ஒரு பிற்பகல், அவள் பாதத்தை என் கையில் வைத்து, பிசியோதெரபிஸ்ட் காட்டித் தந்தபடி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன். அப்போது சொன்னேன், மருத்துவரிடம் அவளுக்கு முன்பே போய் என்ன சொன்னேன் என்பதை.

“தெரியும்பா,” என்றாள். “அவர் என்கிட்ட கேட்ட மொதக் கேள்வியே, கல்லாயிட்டு எத்தனை நாளாச்சுன்னுதான்.”

“அப்பவே ஏன் என்கிட்ட கேக்கல?”

“கேட்டிருந்தா அதையும் அவர்கிட்ட சொல்லியிருப்பீங்க.”

வீட்டுக்கு வந்தபின் பினுவைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். மறுபடி வரச் சொன்னேன். மூன்று பேரும் வந்தார்கள். என்னையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கோமதியிடம் கேட்டேன். ஒரு வயசான வைத்தியனாக வரட்டுமா என்றேன்.

“மனுஷன் வேண்டாம். நீங்க ஒரு மரம். நடக்கலாம், கேக்கலாம். பேச முடியாது.”

“சம்மதம்னா தலையாட்டினா மதி அங்கிளே. மரம் கிளாஸ் எடுக்கக் கூடாது, கேட்டோ,” என்றான் பினு. மதி என்றால் போதும் என்று அர்த்தம். எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையாட்டினேன். அதற்கும் சிரித்தார்கள்.

பல மாதங்கள் மரமாக உட்கார்ந்திருந்தேன். பதில் சொல்ல வழியில்லாதபோது, சொல்வதைக் கடைசிவரை கேட்க வேண்டியிருந்தது. என் மகளுக்கு இத்தனை வேடிக்கையாகப் பேச வரும் என்பதே அங்கேதான் எனக்குத் தெரிந்தது.

பிறகு அவள் பெங்களூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். “கோவத்துல போகலப்பா. அங்க லிஃப்ட் இருக்கு,” என்றாள். நான் நம்பினேன். அவள் சொல்வதை நம்புவது என்று முடிவு செய்தபின், இதை மட்டும் எப்படி நம்பாமல் இருப்பது?

ஞாயிறுதோறும் தொலைபேசியில் அழைப்பாள். “எப்படி இருக்கே?” என்பேன். “சுகந்தான்,” என்பாள். பினுவிடம் வலியைப் பற்றிப் பேசுகிறாள் என்று அவன் வழியாகத் தெரியும். என்னிடம் சொல்வதில்லை. கேட்கும் உரிமையை நான்தான் தொலைத்தேன். வாரம் என்பது எனக்கு ஓர் அழைப்பிலிருந்து அடுத்த அழைப்பு வரையுள்ள தூரம் ஆனது.

ஒரு ஞாயிறு வழக்கம்போல் “சுகந்தான்” என்றாள். நான் வேறெதுவும் பேசாமல் இருந்தேன். அவளும் போனை வைக்கவில்லை.

“ராத்திரியானா இடது காலு எரியுதுப்பா,” என்றாள்.

எரிச்சலுக்கான ஒரு மருந்தின் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டுக் கேட்டேன்: “எங்கேயிருந்து எங்கே வரைக்கும்மா?”

அவள் சொல்லத் தொடங்கினாள். முட்டுக்கு வெளிப்பக்கம், அங்கிருந்து கீழே, கணுக்காலைச் சுற்றி. அவள் சொல்லச் சொல்ல என் கால் மேல் கையை வைத்து அதே வழியில் இறங்கினேன். பெருவிரலுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் ஒன்றுமே தெரியவில்லை என்றாள். என் காலில் அந்த இடத்தில் தொடுவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. விரல் பட்டதும் கூசியது. அவள் பேசி முடிக்கும் வரை கையை அங்கிருந்து எடுக்கவில்லை.