சொட்டாத மேஸ்திரியும் தொடாத தூணும்

அந்தக் கொத்தனாருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அவருடைய கல்யாணப் பத்திரிகையில் அச்சானதோடு அதன் வேலை முடிந்தது. எல்லாருக்கும் அவர் ‘சொட்டாத மேஸ்திரி’. முப்பது வருஷமாக அவர் போட்ட எந்தத் தளமும் ஒழுகியதில்லை. மழைக்காலத்தில் மற்ற கொத்தனார்கள் போனை அணைத்துவிட்டுத் தலைமறைவாகத் திரிவார்கள். இவரோ குடையை எடுத்துக்கொண்டு, தான் கட்டிய வீடுகளுக்கு வலியப் போய், “எங்கேயாவது கசியுதா?” என்று கேட்பார். “இல்ல” என்பார்கள். அந்த ஒரு வார்த்தையில் மனிதருக்கு அடுத்த மழைவரை வயிறு நிறைந்திருக்கும்.

அப்பேர்ப்பட்டவரைக் கூப்பிட்டு, அவரே போட்ட தளத்தில் ஓட்டை போடச் சொன்னார் பல் டாக்டர்.

டாக்டர் மொட்டை மாடியில் ஒரு பெரிய டெலஸ்கோப் வைக்கப்போகிறார். அதைத் தளத்தின் மேல் வைத்தால் ஆள் நடக்கும்போதெல்லாம் அதிரும். அது மயிரிழை அதிர்ந்தாலும் வானத்தில் தெரிகிற கிரகம் கூத்தாடும். ஆகவே தரைக்குள் நான்கடி ஆழத்தில் அஸ்திவாரம் போட்டு, அங்கிருந்து ஒரு கான்கிரீட் தூண் கிளம்பி, படுக்கையறை வழியாக ஏறி, தளத்தைத் துளைத்துக்கொண்டு மாடிக்கு வரவேண்டும். ஆனால் வீட்டின் மேல் எங்கேயும் பட்டுவிடக் கூடாது. சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி.

“அப்போ இந்தத் தூண் எதைத்தான் தாங்குது சார்?”

“டெலஸ்கோப்பை. முப்பது கிலோ.”

“முப்பது கிலோவுக்கு இவ்வளவு பெரிய தூணா? இது மேல ரெண்டு மாடி ஏத்தலாமே! சரி, அந்தச் சந்து வழியா மழை இறங்குமே?”

“லாரி டியூபை வெட்டிப் பாவாடை மாதிரி கட்டிடலாம். அடைக்க மட்டும் கூடாது.”

“நாள் பூரா ஓட்டையை அடைக்கிறதுதானே சார் உங்க தொழில்! ஒரு பல்லுல இவ்வளவு சந்து இருந்தா விடுவீங்களா?”

டாக்டர் சிரித்துவிட்டார். ஆனாலும் சந்து சந்தாகவே இருக்கவேண்டும் என்றார்.

தூண் அமர்க்களமாக எழுந்தது. மேஸ்திரியின் மனைவிதான் அவருக்குக் கலவை போடுகிறவள். அவள் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, வளைத்துக் கட்டிய தகரத்துக்குள் கொட்டிக் குத்தினார்கள். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் நூல் பிசகவில்லை. கடைசி நாள் டாக்டர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். மேஸ்திரி மாடியில் குனிந்து அந்த இடைவெளி வழியாகப் பார்த்தார். கீழே டாக்டர் வீட்டுக் கட்டிலும், மடித்து வைத்த போர்வையும் தெரிந்தன. தன் கையால் போட்ட தளத்தின் வழியாக அடுத்தவர் போர்வை தெரிந்தால் எந்தக் கொத்தனாருக்குத்தான் பொறுக்கும்? கரண்டியை எடுத்தார்.

“அவர்தான் வேணாம்னு சொன்னாரே” என்றாள் மனைவி.

“இப்போ அப்படித்தான் சொல்வாரு. மழை வந்தா யாரைக் கூப்பிடுவாரு? நீ கலவையை எடு.”

சுற்றிலும் அடைத்துப் பூசினார். மேலே ரப்பர் பாவாடையும், கீழே படுக்கையறைக் கூரையில் அடித்த மர வளையமும் அதை மூடிவிட்டன. தன் வாழ்நாளில் செய்த வேலைகளிலேயே இதுதான் சுத்தமானது என்று எண்ணி, அன்று குறட்டை விட்டுத் தூங்கினார்.

பத்து நாள் கழித்து டாக்டர் உடனே வரச் சொன்னார். கதவைத் திறந்த டாக்டரின் மனைவி நுனிக்காலில் நின்றிருந்தார். சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: ‘மாலை ஆறரை முதல் எட்டரை வரை நடக்கக் கூடாது. மிக்ஸி கூடாது. பீரோ திறக்கக் கூடாது. தும்மல் வந்தால் தோட்டத்துக்குப் போகவும்.’

“நான் நடந்தா சனி ஆடுதாம் மேஸ்திரி!” என்று அந்த அம்மா கிசுகிசுத்தார். “நேத்து காலண்டர் தாளைக் கிழிச்சேன், அதுக்கும் ஆடிச்சாம். நான் எங்க அக்கா வீட்டுக்குக் கிளம்பிட்டேன். இவரும் சனியும் சந்தோஷமா இருக்கட்டும்.” சொன்னபடியே ஒரு பெட்டி வாசலில் தயாராக இருந்தது.

டாக்டர் தூணைச் சந்தேகமாகத் தட்டிக்கொண்டிருந்தார். “அஸ்திவாரம் சரியில்ல மேஸ்திரி. இதை இடிச்சிட்டு எட்டடியில புதுசாப் போடுவோம்.”

தான் அடைத்த பூச்சு வழியாகத்தான் வீட்டு அதிர்வு தூணுக்கு ஏறுகிறது என்று மேஸ்திரிக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறக்காவிட்டால் குற்றமற்ற தூண் இடிபடும், ஒரு குடும்பம் உடையும். திறந்தாலோ, அடைத்ததைத் தன் கையாலேயே பெயர்க்கவேண்டும். அப்புறம் முப்பது வருஷப் பெயர் ஒரே மழையில் கரைந்துவிடும். பெட்டியை ஒருமுறை பார்த்தார், தூணை ஒருமுறை பார்த்தார்.

“தூண் நல்ல தூண் சார். நான்தான் சரியில்ல” என்று சொல்லி, மாடிக்குக் கூட்டிப்போய் ரப்பரைத் தூக்கிக் காட்டினார்.

டாக்டர் மண்டியிட்டு, டார்ச் அடித்து, நோயாளியின் வாய்க்குள் பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்தார். “நான்கூட இவ்வளவு சுத்தமா அடைச்சதில்ல” என்றார். கோபத்தில் சொன்னாரா, மரியாதையில் சொன்னாரா, மேஸ்திரிக்கு விளங்கவில்லை.

உளியும் சுத்தியுமாக இரண்டு நாள் ஆயிற்று. அவருடைய கலவை அவருக்கே மசியவில்லை. இரண்டாம் நாள் மாலை டாக்டர் டெலஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, “குதி” என்றார். அவர் மனைவி பத்து நாள் ஆத்திரத்தையும் சேர்த்துக் குதித்தார். தண்ணீர்த் தொட்டியின் மூடி கடகடத்தது.

“குதிச்சியா?”

“குதிச்சேனே!”

“தெரியவே இல்லையே! இன்னொரு தடவை குதி!”

மூச்சு வாங்கும் மட்டும் குதித்துவிட்டு, அந்த அம்மா கீழே போய்ப் பெட்டியிலிருந்த துணிகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தார்.

“நீங்களும் பாருங்க மேஸ்திரி” என்று டாக்டர் விலகி நின்றார். மேஸ்திரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். சின்னதாக ஒரு பந்து. அதைச் சுற்றி ஒரு வளையம். இரண்டுக்கும் நடுவே கறுப்பாக ஒரு சந்து.

“சார், இது எங்கேயும் ஒட்டலையே!”

“ஒட்டல. ரொம்ப காலமா அப்படியேதான் இருக்கு.”

மேஸ்திரி கண்ணை எடுக்கவில்லை. யாரோ ஒரு பெரிய கை செய்த வேலையைப் பார்க்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது. “சொட்டாதா?” என்று கேட்டார்.

“சொட்டுது மேஸ்திரி. அந்த வளையம் முக்கால்வாசி ஐஸ்தான். அது கொஞ்சம் கொஞ்சமாக் கீழே கிரகத்து மேல விழுந்துட்டே இருக்காம். படிச்சிருக்கேன்.”

“அதுவுமா?”

மேஸ்திரி நிமிர்ந்தார். படியிறங்கிப் படுக்கையறை வாசலில் போய் நின்றார். அந்த அம்மா காலிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார். மேஸ்திரி தூணின் உச்சியை அண்ணாந்து பார்த்தார். முப்பது வருஷத்தில் எந்த வீட்டிலும் சொல்லியிராததை அன்று சொன்னார்.

“அம்மா, மழை வந்தா இங்க ஒரு வாளி வைங்க” என்றார்.