பருத்திமார்ப் பலகை

அந்தச் செய்தியை எழுதியவன் நான்தான். மொத்தம் பதினாறு வரி. ஊர்ப் பெயரில் பிழையில்லை, ஆள் பதவியில் பிழையில்லை. ‘வீணாகும்’ என்ற ஒரே ஒரு சொல்தான் பொய். அது பொய் என்று எழுதும்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அது வீணாகவில்லை என்பதை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன்.

நாடு விடுதலையாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. சங்கரன்கோவிலில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். தேக்கு கிடைக்காமல், புது வீடு கட்டியவர்கள்கூட உள்வாசலுக்குக் கதவு போடாமல் சாக்குப் படுதா தொங்கவிட்டிருந்த காலம். அரசாங்க ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து ஓர் ஆராய்ச்சியாளர் வந்தார். மரத்துக்குப் பதிலாக வேறு எதிலிருந்து பலகை செய்யலாம் என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. கரும்புச் சக்கையையும் தென்னை நாரையும் பார்த்து முடித்துவிட்டு, கரிசல் காட்டுப் பருத்திமாருக்கு வந்திருந்தார். பருத்தி பறித்து முடிந்தபின் புஞ்சையில் காய்ந்து நிற்கும் செடிதான் பருத்திமார்.

மேலநீலிதநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையாரின் புஞ்சைக்கு அவரை அழைத்துப் போனேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள் செடிகளை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஆராய்ச்சியாளர் ஒரு பெண்ணிடம் பத்துச் செடி கேட்டார். முப்பத்தைந்து வயதிருக்கும். தலையிலிருந்த கட்டைக் கீழே இறக்காமலே கேட்டாள்.

“எதுக்குங்கய்யா?”

“பலகை செய்து பார்க்க.”

“இதுலயா? ஏட்டி, இங்கன வந்து கேளு. பருத்திமாருல பலகை செய்யப் போறாகளாம். அடுத்தால வைக்கோல்ல உத்தரம் செய்வாக.”

எல்லாரும் சிரித்தார்கள். ஆராய்ச்சியாளரும் சிரித்தார். ஆனால் அவர் தரையில் உட்கார்ந்து செய்த வேலை சிரிப்புக்குரியதல்ல. தண்டின் தடிமனை அடியிலும் நடுவிலும் நுனியிலும் அளந்தார். கத்தியால் சீவி எனக்குக் காட்டினார்: வெளியே நாராக உரியும் பட்டை, அதற்குள் வெளிறிய கட்டை, நடுவில் பஞ்சு போன்ற சோறு. வேர்ப்பக்கம்தான் கெட்டி என்றார்.

“அதத்தானே நாங்க கடைசியா வைப்போம்,” என்றாள் அந்தப் பெண். “நுனி சடசடன்னு எரிஞ்சு போவும். வேருக்கட்டை கங்கு நிக்கும். காலையில மூட்டினா மத்தியானம் வரைக்கும் ஊதி எடுத்துக்கலாம். மழையில நனைஞ்சா போச்சு, பூரா புகைதான்.”

அவர் இதையும் தம் நோட்டில் எழுதிக்கொண்டார். நானும் எழுதிக்கொண்டேன்.

பிடுங்குவதற்குக் கூலி உண்டா என்று கேட்டேன். கூலி கிடையாது. பிடுங்கியவருக்கே பருத்திமார். பண்ணையாருக்கு அடுத்த உழவுக்குப் புஞ்சை சுத்தமாகும். இவர்களுக்கு ஆண்டு முழுவதற்குமான விறகு. வீட்டின் பின்பக்கம் சுவருக்குப் பதிலாகக் கட்டும் படலும் அதில்தான். அந்தப் பெண்ணின் கணவன் இறந்துபோயிருந்தான். இரண்டு பெண் பிள்ளைகள். அந்தப் பக்கத்தில் காடு கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்பு மண்தான். பருத்திமார் இல்லையென்றால் அடுப்பு இல்லை. இவ்வளவும் என் நோட்டில் இருந்தது.

சில மாதம் கழித்து ஆராய்ச்சியாளர் மாதிரிப் பலகையோடு வந்தார். செடியை நறுக்கி, பசை கலந்து, சூடேறிய இரும்புத் தகடுகளுக்கு நடுவே அழுத்திச் செய்தது. தவிட்டு நிறம், மேலே சிறாய் சிறாயாகத் தெரிந்தது. தட்டினால் மரத்தின் சத்தம் வந்தது. எனக்கு ஒரு துண்டு தந்தார். கூடவே, தண்ணீரில் ஊறவைத்த இன்னொரு துண்டையும் மேசைமேல் வைத்தார். அது ஊதி, ஓரமெல்லாம் ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது.

“ஈரம் தாங்கவில்லை. பசையை மாற்ற வேண்டும், இன்னும் சில வருஷமாகும். ஆராய்ச்சி நடக்கிறது என்று எழுதுங்கள். பலகை வந்துவிட்டது என்று எழுதாதீர்கள்.”

அவரிடம் ‘சரி’ என்று சொன்னேன். அறைக்கு வந்து எழுதும்போது ஈரத்தைப் பற்றிய இரண்டு வரிகளை அடித்தேன். அவை இருந்தால் செய்தி உள்பக்கத்துக்குப் போய்விடும். ‘கரிசல் காட்டில் ஆண்டுதோறும் வீணாகும் பருத்திமாரிலிருந்து வீட்டுக்குப் பலகை’ என்று தொடங்கினேன். முதல் பக்கத்தில் வந்தது. டீக்கடையில் நாலு பேர் கை கொடுத்தார்கள். நான் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு கடைசிப் பறிப்பு முடிந்ததும் அந்தப் பெண் என்னைத் தேடிச் சங்கரன்கோவிலுக்கு வந்தாள். பஸ் ஏறி வரவில்லை, நடந்து வந்திருந்தாள். டீக்கடை வாசலில், உள்ளே வராமல் நின்றாள்.

“பேப்பர்க்கார ஐயா நீங்கதானே? பருத்திமாரு வீணாப் போவுதுன்னு எழுதினது நீங்கதானா?”

“ஆமா.”

“நான் எரிச்சது வீணாங்கய்யா?”

அவள் நடந்ததைச் சொன்னாள். பண்ணையார் களத்தில் எல்லாரையும் கூட்டி வைத்து அந்தச் செய்தியை உரக்கப் படித்திருக்கிறார். இனிமேல் பருத்திமார் பண்ணைக்கு. பிடுங்குவது மட்டும் வழக்கம்போல, கூலியில்லாமல். ஆளுக்கு ஒரு கட்டு தருவார்.

“ஒரு கட்டு ஒரு வாரத்துக்குக் காணாது. பிடுங்க மாட்டோம்னோம். ‘அப்போ அடுத்த வருசம் பருத்தி பறிக்கவும் வராதிய’ன்னுட்டாரு. நீங்க எழுதினதுக்குத்தான் இம்புட்டும். வீணாப் போகலன்னு ஒரு வரி போடுங்க. அதையும் அவரு படிக்கட்டும்.”

அன்றே எழுதினேன். பிடுங்குபவருக்கே பருத்திமார் என்ற வழக்கம், அடுப்பு, படல், ஈரத்துக்கு ஊதிய பலகை எல்லாவற்றையும் எழுதினேன். ஒரு வாரத்தில் காகிதம் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் உதவி ஆசிரியரின் கையெழுத்து: ‘மறுப்புத் தெரிவிப்பவர் யார்? பதவி என்ன?’

அந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. கோபத்தில் வரவில்லை என்று அப்போது நினைத்தேன். அதே கேள்வியை நானே எத்தனை பேரிடம் கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன் என்பது பிறகு நினைவுக்கு வந்தது. அதற்கப்புறம் கோபம் யார்மேல் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பண்ணையாரைப் பார்க்கப் போனேன். சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமல், மரியாதையாகத்தான் பேசினார். நான்தான் தொடங்கினேன்.

“அண்ணாச்சி, காலங்காலமா அவங்க எடுத்துட்டுப் போறதுதானே?”

“யாரு இல்லேன்னது? வீணாப் போறதை எடுத்துட்டுப் போனாளுவோ. வீணில்ல, காசுன்னு நீரே எழுதிட்டீரு. பின்னே எப்படிவே விடச் சொல்லுதீரு?”

“பலகை இன்னும் சரியா வரல அண்ணாச்சி. ஈரத்துல ஊதுது.”

“அதை ஏன் எழுதலை?”

நான் எழுந்து வந்துவிட்டேன்.

பெண்கள் ஒன்பது நாள் பிடுங்கவில்லை. பத்தாம் நாள் வெளியூரிலிருந்து வண்டியில் ஆள் வந்தது. பதினோராம் நாள் இவர்களும் போனார்கள். அவளும் போனாள். பருத்தி பறிப்பையும் இழந்தால் பிள்ளைகளுக்குக் கஞ்சி இல்லை.

ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கூட்டம் நெரிந்த நாளில் ஓர் அரசாங்கப் பந்தலில் அந்தப் பலகையைக் காட்சிக்கு வைத்தார்கள். ஒரு மேசை, ஒரு முக்காலி, ஒரு அலமாரிக் கதவு. ‘கழிவிலிருந்து செல்வம்’ என்று தட்டி. மத்தியானம் யாரோ நீர்மோர்ப் பானையை அந்த மேசைமேல் இறக்கிவிட்டார்கள். சாயங்காலம் பானையைத் தூக்கியபோது அடியில் வட்டமாக வீங்கியிருந்தது.

“ஏலே, மேசை அப்பளமா பொரியுது பாரு!”

“மோரு குடிச்சிருக்குல்லா, வயிறு உப்பிட்டு!”

அதைச் செய்தியாக்கினேன். வேடிக்கைச் செய்தி என்பதால் போட்டார்கள். அதன்பின் அந்தப் பலகையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆராய்ச்சியாளர் எனக்கு ஒரு கடிதம் எழுதினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ‘முதலிலேயே அந்த இரண்டு வரிகளைப் போட்டிருக்கலாம்’ என்று மட்டும் இருந்தது.

பலகை போனது, வழக்கம் திரும்பவில்லை. பண்ணையாரின் களத்தில் பருத்திமார் போராகக் குவிந்து கிடந்தது. வாங்க எவரும் வரவில்லை. ஐப்பசி மழையில் நனைந்து கறுத்தது. அடியில் கறையான் புற்று வைத்தது. அப்போதும் ஒரு கட்டு கொடுக்கவில்லை. ‘இன்னொரு ஆபீசர் வராமலா போவான்’ என்றாராம். அதைப் பார்த்த பிறகுதான் பருத்திமார் வீணாவது என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது. அப்படி ஒரு காட்சி அந்தப் பக்கத்தில் அதற்கு முன் இருந்ததில்லை. என் செய்தி இப்போது உண்மையாகிவிட்டிருந்தது.

தை மாதத்தில் அவள் வீட்டுக்குப் போனேன். பின்பக்கப் படலைப் பிய்த்து எரித்திருந்தாள், வெட்டவெளி தெரிந்தது. அவள் கையில் உடைமரத்து முள் கிழித்த கீறல்கள். குளத்துப் புறம்போக்கில் முள் வெட்டப் போனால் தலையாரி விரட்டுவதாகச் சொன்னாள். மன்னிப்புக் கேட்கப் போனவன், ஆராய்ச்சியாளர் கொடுத்த துண்டைப் பையிலிருந்து எடுத்தேன். ஏன் அதைக் கொண்டுபோனேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதுதானா அது? கனமாத்தான் இருக்கு.”

அடுப்பில் உலை இருந்தது. கீழே இரண்டு முள்ளும் சாண எருவட்டியும். அவள் என்னைக் கேட்காமல் பலகைத் துண்டை உள்ளே தள்ளி ஊதினாள். பிடிக்கவில்லை. ஓரம் மட்டும் கருகி, பசை உருகி, கண்ணைக் கரிக்கும் நாற்றத்தோடு புகை வந்தது. சின்னவள் இருமிக்கொண்டே வெளியே ஓடினாள். தாய் அதை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தாள். பிறகு கரி ஒட்டியிருந்த பக்கத்தைச் சேலை முந்தானையால் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

“இது எரியவும் மாட்டேங்குது. கொண்டுபோங்கய்யா.”

வாங்கிக்கொண்டேன். அந்தத் துண்டு வெகுநேரம் கையில் சூடாக இருந்தது. அவள் வீட்டு உலை கொதிக்கவில்லை.