ருக்குமணி பதில் சொன்னார்

பதில் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் குரலை நான் அடக்கினேன். அடக்கிவிட்டு, அவருக்குப் பதில் தெரியவில்லை என்று ஊருக்கே அறிவித்தேன். கை தவறி நடந்ததா? இல்லை... தெரிந்தே, சிரித்துக்கொண்டே செய்தேன்.

சேலம் அஸ்தம்பட்டியில், ஒரு பல் மருத்துவரின் மருத்துவமனைக்கு மேல்மாடியில் எங்கள் இணைய வானொலி இயங்குகிறது. காலை எட்டு மணிக்கு நான் அரசியல் பேசுவேன். நேயர்கள் தொலைபேசியில் அழைத்து என்னோடு மோதுவார்கள். தறிப்பட்டறைகளில், லாரிகளில், கோழிப்பண்ணைகளில் என் குரலைக் கேட்டபடியே வேலை பார்ப்பவர்கள் ஏராளம். இந்த வட்டாரத்தில் என்னைப்போல் பேச ஆளில்லை. இன்றும் இல்லை! பாவத்தைச் சொல்ல வந்த இடத்தில் பெருமை பேசுகிறானே என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். அந்தப் பெருமையை விட்டுவிட்டுச் சொன்னால் பாதியைத்தான் சொன்னவனாவேன்.

எனக்கு ஒரு கட்சி உண்டு. அதை மறைத்ததில்லை. எதிர்க்கட்சிக்காரர் அழைத்தால் முதல் நிமிடம் மரியாதை கொடுப்பேன். அடுத்த நிமிடம் கிண்டல். மூன்றாம் நிமிடத்தில் அவர் கோபப்படுவார். நான் அவரைத் துரோகி என்பேன். அந்த மூன்றாம் நிமிடத்துக்காகவே நேயர்கள் காத்திருந்தார்கள்.

பள்ளிபாளையத்து ருக்குமணிக்கு மட்டும் கோபமே வராது. விசைத்தறியில் கூலிக்கு ஓட்டுபவர். வயது ஐம்பதுக்கு மேல். வேலைக்குப் புறப்படுமுன் வீட்டிலிருந்து அழைப்பார். நான் எவ்வளவு சீண்டினாலும், "அது இருக்கட்டுங்க சாமி, கேட்டதுக்குச் சொல்லுங்க" என்று கேள்விக்கே திரும்பி வந்து நிற்பார். எதிர்க்கட்சி அவரை வார்டு உறுப்பினர் தேர்தலில் நிறுத்தப்போகிறது என்ற பேச்சும் இருந்தது. அது எனக்கு உறுத்தியது... மிகவும் உறுத்தியது.

அன்றைய தலைப்பு குடிநீர். எங்கள் ஆட்சியில் எல்லா வீதிக்கும் தினமும் தண்ணீர் வருகிறது என்று முழங்கினேன். ருக்குமணி அழைத்தார். தங்கள் வீதிக்கு ஒன்பது நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது என்றார். காவிரிக் கரையில் உட்கார்ந்துகொண்டு தண்ணீர் இல்லை என்கிறாரே என்று நக்கலடித்தேன். கடைசியாகத் தண்ணீர் வந்த மூன்று நாள்களைச் சொல்ல முடியுமா என்று சவால் விட்டேன். தடுமாறுவார் என்று நிச்சயமாக நம்பினேன்.

"இருங்க சாமி, காலண்டர்ல குறிச்சு வெச்சிருக்கறனுங்க" என்றார்.

தாள் புரளும் ஓசை கேட்டது.

என் மேசையில், அழைப்பவரின் குரலை ஏற்றி இறக்க மேலும் கீழும் நகரும் ஒரு பொத்தான் உண்டு. அதைக் கீழே இழுத்துவிட்டால் நேயர்களுக்கு அவர் குரல் கேட்காது. என் ஹெட்போனில் எனக்கு மட்டும் கேட்கும். அதை இழுத்தேன்.

அவர் மூன்று நாள்களையும் தேதியோடு சொன்னார். நாலாவதையும் சொன்னார். எந்த நாளில் எத்தனை குடம் பிடித்தார் என்பது வரைக்கும் சொன்னார். நான் ஐந்து விநாடி மௌனமாக இருந்தேன். வானொலியில் ஐந்து விநாடி என்பது எவ்வளவு நீளம் தெரியுமா உங்களுக்கு? பிறகு ஒலிவாங்கியில் கேட்டேன்: "அக்கா... என்னாச்சுங்க்கா, காலண்டரக் காணமா?" இன்னும் கொஞ்சம் மௌனம். "வாயடைச்சுப் போச்சு பாருங்க நேயர்களே!"

"கேக்குதுங்களா சாமி... நான் பேசறது கேக்குதுங்களா?" என்று என் காதுக்குள் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இணைப்பைத் துண்டித்தேன்.

அடுத்த அரைமணி நேரமும் நேயர்கள் அழைத்து அவரைத் திட்டினார்கள். ஒருவர் ருக்குமணியின் நடத்தையைப் பற்றியே பேசினார். அந்த ஆளின் குரலை நான் அடக்கவில்லை!

அந்தப் பகுதியை வெட்டி யாரோ பரப்பினார்கள். ருக்குமணி பட்டறைக்குள் நுழையும்போதெல்லாம் யாராவது ஒருவர் கைபேசியில் அதை ஓடவிடுவாராம். நாலு பேர் முன்னால் பேசத் தெரியாதவர் என்று சொல்லி, அவருடைய கட்சியே வார்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது.

பிறகு ஒருநாள் அவரே பேருந்து பிடித்து அஸ்தம்பட்டிக்கு வந்துவிட்டார். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அன்னைக்கு எம்பட போனுல ஏதாச்சும் கோளாறுங்களா?"

பாருங்கள்... அவர் என்னைச் சந்தேகிக்கக்கூட இல்லை!

"ஆமாங்க்கா. உங்க போனுலதான் கோளாறு" என்றேன்.

அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. அப்படியென்றால் அதை மட்டும் வானொலியில் ஒருமுறை சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டார். சொல்கிறேன் என்றேன். அந்தப் பொய்யைக்கூட நான் சொல்லவில்லை.

தேர்தலில் எங்கள் ஆள் வென்றார். வெற்றிக் கூட்டத்தில் பேச என்னை அழைத்தார்கள். மேடை ருக்குமணியின் வீதி முனையிலேயே போடப்பட்டிருந்தது. மாலை போட்டார்கள், கைதட்டினார்கள். மேடையிலிருந்து பார்த்தால் வாசல்தோறும் காலிக் குடங்கள் வரிசையாகத் தெரிந்தன. நன்றாகத்தான் பேசினேன். இறங்கியதும் மாலையைக் காரில் வைத்துவிட்டு அவர் வீட்டைத் தேடிப் போனேன்.

மோர் கொடுத்தார். குடிக்காமல் கையில் வைத்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பொத்தானை இழுத்தது, அவர் சொன்ன தேதிகள் என் காதில் விழுந்தது, கைபேசியில் கோளாறு என்று புளுகியது... எதையும் விடவில்லை. அழுவார், அல்லது வெளியே போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். இரண்டில் எது நடந்திருந்தாலும் கணக்குத் தீர்ந்ததென்று வீடு திரும்பியிருப்பேன்.

அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"இத எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? நான் பேசுனது எனக்குத் தெரியுமே. கேட்டவங்ககிட்டச் சொல்லுங்க."

சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதன்பின் எத்தனையோ காலைகள் போய்விட்டன. ஒருமுறை, "பள்ளிபாளையத்து நேயர் ஒருவர்..." என்று தொடங்கியும் விட்டேன். நாக்கு தானாக வேறு பக்கம் திரும்பி ஒரு கிண்டலில் போய் முடிந்தது. அழைப்புகள் குவிந்தன. சொல்லிவிட்டால் என்ன ஆகும்? நிகழ்ச்சி போகும், கட்சிக்காரர்கள் என்னையே துரோகி என்பார்கள். அந்தச் சொல்லை எப்படி உச்சரிப்பார்கள் என்பதுகூட எனக்குத் தெரியும்... நான்தானே பழக்கிவிட்டேன்!

ருக்குமணி பிறகு அழைக்கவே இல்லை.

உங்களிடம் மட்டும் எப்படித் தடுமாறாமல் சொல்ல முடிந்தது என்று கேட்கிறீர்களா? என் நிகழ்ச்சியைக் கேட்பவர்கள் இதுபோன்ற பத்திரிகைப் பக்கங்களைப் படிப்பதில்லை. அது தெரிந்துதான் இங்கே எழுதுகிறேன்.