மீறாத பத்தியம்

குழந்தையின் வாயைச் சுற்றிச் செங்காவி அப்பியிருந்தது. கன்னத்தில் கோழி இறகால் வரைந்த ஒரு சிங்கம். அழுது அழுது சிங்கத்தின் வால் கரைந்து கழுத்து வரைக்கும் வழிந்திருந்தது. என் அத்தை, அப்பாவின் தங்கை, அவனை மடியில் போட்டுக்கொண்டு ராட்டையில் பட்டுநூல் சுற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளையார்பாளையத்தில் அவளைக் கட்டிக்கொடுத்த வீடு அது. தறியில் மாமா, நூல் சுற்றிக் கொடுப்பது அத்தை. அறுபதுகளின் கடைசி என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டால் நான் நேரே அங்கேதான் ஓடுவேன், அத்தையின் அந்தக் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ள.

பிறந்தபோது கொழுகொழுவென்றுதான் இருந்தான். தாய்ப்பால் மறந்த பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது. வாயோரம் சிவந்து வெடித்தது. பின்பக்கம் புண்ணாகித் துணி பட்டாலே வீறிட்டான். வயிற்றுப்போக்கு நிற்பதும் மறுபடி வருவதுமாக இருந்தது. தலைமுடி பழுப்பாகி, தடவினால் கையோடு வந்தது. சோறு ஊட்டப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற பிள்ளை, இறக்கி விட்டால் தறிக்குழியின் ஓரத்து மண்ணைச் சுரண்டித் தின்னும். மருந்துக் கடையில் ஊதா நிறத்தில் ஒரு மருந்து கொடுத்தார்கள். பூசிப் பார்த்தும் கேட்கவில்லை. அக்கி என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள்.

அக்கி என்றால் எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழக்கம் இல்லை. பானை செய்கிறவரைக் கூப்பிட்டுக் காவியால் சிங்கம் வரைந்து அக்கி எழுதுவார்கள். வந்தவர் நல்ல மனுஷர்தான், அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. குழந்தையை நோகாமல் பிடித்து எழுதிவிட்டு, பத்தியம் சொன்னார். முட்டை கூடாது, மீன் கூடாது, கறி கூடாது. பருப்பு, பயறு, கடலை எதுவும் ஆகாது. உப்பில்லாத கஞ்சி மட்டும். கிளம்பும்போது வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னார்: "ஆறலன்னா ஊட்ல யாரோ பத்தியத்தை மீறிட்டாங்கன்னு அர்த்தம்மா."

அந்த ஒரு வார்த்தையைத்தான் அத்தையின் மாமியார் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

புண் ஆறவில்லை. எப்படி ஆறும்? கஞ்சித் தண்ணீரில் என்ன இருக்கிறது? ஆறாததால் பத்தியம் இன்னும் இறுகியது, கஞ்சியில் போடுகிற வெல்லம்கூட நின்றுபோனது. பத்தியம் இறுக இறுகப் புண் பரவியது. காலையில் எழுந்ததும் மாமியார் செய்கிற முதல் வேலை, குழந்தையின் வாயை முகர்ந்து பார்ப்பது. "முட்டை நாத்தம் அடிக்குதுடி! ராத்திரி இன்னா திருடிக் குடுத்துக்கினு இருந்த?" என்பாள். "இல்லைங்க அத்தை, கஞ்சி மட்டுந்தாங்க" என்று அத்தை சொல்லிக்கொண்டே இருப்பாள். மாமா தறியை விட்டுத் தலை நிமிர மாட்டார். அன்றைக்கும் அவர்மேல் எனக்குக் கோபம், இன்றைக்கும் கோபம். ஒரு ஆம்பிளை வாயைத் திறந்து, "அவ அப்படிச் செய்ய மாட்டாம்மா" என்று சொல்ல என்ன கேடு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாமல் ஏரி மீன் வாங்கியிருந்தார்கள். வீடெல்லாம் குழம்பு வாசம். மாமா சாப்பிட உட்கார்ந்ததும், எதையும் ஏறெடுத்துப் பார்க்காத அந்தப் பிள்ளை தவழ்ந்து போய்த் தட்டிலிருந்து ஒரு துண்டு மீனை அள்ளிவிட்டது. அள்ளி வாய்க்குக் கொண்டுபோகிறது, அத்தை பாய்ந்து வந்து கையைப் பிடித்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மீனைப் பிடுங்கி, உள்ளங்கையை முந்தானையால் துடைத்துவிட்டாள். துடைத்துவிட்டு மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கோங்க, நான் கொடுக்கவில்லை என்பது மாதிரி ஒரு பார்வை. பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடியது. எனக்கு அதற்கப்புறம் வெகுநாள் மீன் இறங்கவில்லை.

அதைக் கண்ணால் பார்த்தும் கிழவிக்கு மனசு ஆறவில்லை. தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலில் கற்பூரம் ஏற்றி, அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாள். அத்தை ஈரப்புடவையோடு நின்று, எரிகிற கற்பூரத்தை வெறுங்கையால் அடித்து அணைத்து, "எம்புள்ளை மேல ஆணையா நான் பத்தியத்தை மீறலை" என்று சொன்னாள். தெருவே வேடிக்கை பார்த்தது. ஆடி மாதத்தில் மறுபடி வயிற்றுப்போக்கு கண்டு, மழை பெய்த ஒரு மத்தியானம் குழந்தை போய்விட்டான்.

அதோடு விட்டார்களா? "திருடி! பொய்ச் சத்தியம் பண்ணா, சாமி புள்ளைய எடுத்துக்கிச்சி" என்றார்கள். அடப்பாவிகளா! பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவளைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? காரியம் முடிந்ததும் அத்தையை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். கூட்டிக்கொண்டு போக யாரும் வரவில்லை.

நான் படித்துக் கிராம செவிலியராக வேலைக்குப் போனேன். பணிக்காலத்தின் பின்பாதியில் ஒரு பயிற்சி வகுப்பு. குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலோடு ஜிங்க் மாத்திரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று பாடம் நடத்தினார்கள். துத்தநாகம் என்கிற அந்தச் சத்து உடம்புக்குக் கொஞ்சம்தான் வேண்டும், ஆனால் அது குறைந்தால் என்னென்ன ஆகும் என்று திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். வாயோரம் வெடித்த புண், பின்பக்கத்துப் புண், கொட்டிப்போன முடி. மண் தின்பதுகூட இதனால் இருக்கலாம் என்றார்கள். காவி மட்டும்தான் இல்லை. மற்றபடி திரையில் இருந்தது என் அத்தை பிள்ளை. கறி, மீன், முட்டை, பருப்பு, கடலையில் அந்தச் சத்து இருக்கிறது என்று அடுத்த படம் வந்தபோது எழுந்து வெளியே வந்து, குழாயடியில் நின்று அழுதேன்.

மீன் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். சிலருக்குப் பிறவியிலேயே அந்தச் சத்து உடம்பில் ஒட்டாதாம், சாப்பாடு மட்டும் போதாதாம். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் யாருக்கும் இது தெரிந்திருக்க வழியில்லை. தெரியாததற்கு நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. தெரியாத ஒன்றுக்குக் குற்றவாளி வேண்டும் என்று தேடி, சொன்ன பேச்சை அட்சரம் பிசகாமல் கேட்டவளையே பிடித்துக் கொடுத்தார்களே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அத்தைக்கு இதைச் சொல்லவே கூடாது என்று இருந்தேன். "நான் மீறலைம்மா" என்ற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருஷம் தலை நிமிர்ந்து நடந்தாள். ஆனால் ஒருநாள் என் பையில் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, புதுசா இருக்குது?" என்று கேட்டாள். பேதியாகிற பிள்ளைகளுக்கு என்றேன். அது எதனால், இது எதற்கு என்று விடாமல் கேட்டாள். நானும் வேலைப் பழக்கத்தில் புண், முடி, மண் என்று சொல்லிக்கொண்டே போய், முட்டை என்ற இடத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதற்குள் அவளுக்கு விளங்கிவிட்டது.

"அத்தை, இன்னும் கொஞ்சம் காப்பி தரட்டுமா?" என்று கேட்டுப் பார்த்தேன். அவள் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்ளோ பேர் திருடி திருடின்னாங்களே" என்றாள் கடைசியில். "ஒரு நாளாவது திருடிக் குடுத்திருக்கலாமேம்மா நானு."